வானதி மிஸ்ஸின் கையில் வளர்ந்த என் பேரன்

வானதி மிஸ் இறந்த செய்தி வந்தபோது தோட்டத்தில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் மலர் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய ரெலிபோன் கிணற்றுக்கட்டில் கிடந்து அடித்தது எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. மோட்டரை நிற்பாட்டியபின்தான் பார்த்தோம். மிஸ்ஸிடம் படித்து, பிறகு அவரோடேயே வேலை செய்த சுகந்தி பலமுறை எடுத்திருந்தாள். திருப்பி எடுத்ததும் "ஆச்சி பக்கத்திலை நிக்கிறாவோ?" என்று கேட்டாள். மலர் ரெலிபோனை என்னிடம் நீட்டினாள்.

"ஆச்சி, மிஸ் விடியப்புறம் போட்டா."

"நோவில்லாமல் போனவவோ?"

"இல்லை ஆச்சி. நொந்துதான் போனவ."

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. வானதி மிஸ்ஸிடம் படித்தவர்களுக்கு வேறு விதமாகப் பதில் சொல்ல வராது.

மிஸ்ஸின் முப்பத்தோராம் நாளில் வெளியிடுகிற நினைவு மலர்ப் புத்தகத்துக்கு என்னையும் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் அவரைப் பற்றி எழுதுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், மிஸ் வளர்த்த கலங்கள் என் பேரன் சேந்தனுடையவை. உடம்பு முழுவதையும் கட்டியிருக்கிற, வெறுங்கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளைத்தான் கலம் என்கிறார்கள். அந்த வகையில் மிஸ்ஸுக்கும் எனக்கும் உள்ள உறவு இதில் எழுதும் வேறு எவருக்கும் இல்லை. அதைப் பெருமையாகவே சொல்லுகிறேன்.

சேந்தன் நடந்து திரிந்த பிள்ளை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் விழத் தொடங்கினான். விழுந்தால் தன் தொடையைத் தானே கையால் பிடித்துப் பிடித்து ஏறித்தான் எழும்புவான். பிறகு அதுவும் ஏலாமல் சக்கரம் வைத்த சில்லுக் கதிரைக்கு வந்தான். தசை கரைந்துகொண்டு போகிற வருத்தம், தீராத நோய். தகப்பன் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே விபத்தில் போய்விட்டான். மலரும் நானும்தான் அவனுக்கு. நாவூறு கழித்தோம், நூல் கட்டினோம், கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம். என் கணவரின் தமக்கை தங்கம் மச்சாள், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று போகிற கலியாண வீடெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கிளினிக்கில் பார்த்த டொக்டர், இந்த வருத்தத்தைப் பற்றி ஆராய்கிற ஒருவர் கம்பஸில் இருக்கிறார் என்று சொல்லி எங்கள் விலாசத்தைக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் வானதி மிஸ் எங்கள் ஊரான புத்தூருக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இது தாய்வழியாலை வாற வருத்தம். சேந்தனுக்கு மலரிட்டையிருந்து வந்தது. மலருக்கு உங்களிட்டையிருந்து வந்திருக்கலாம் ஆச்சி. உங்கடை பக்கத்திலை இப்பிடி ஆரும் ஆம்பிளைப் பிள்ளை இருந்தவையோ?"

"என்ரை அண்ணை இருந்தவர். நடக்கமாட்டார். பொடியனாய் இருக்கேக்கையே போட்டார்."

"அவருக்கும் இதாய்த்தான் இருந்திருக்கும்."

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. மிஸ் அதைக் கவனித்துவிட்டு, "ஆரின்ரையும் பிழை இல்லை எண்டு ஆறுதல் சொல்ல வரேல்லை நான். பிழை எண்ட கதையே இதுக்கை இல்லை" என்றார். அவர் போனபின் மலர் பிள்ளையின் கையில் கிடந்த நூல்கள் எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். செய்வினைக் கதையை எங்கள் வீட்டில் பிறகு யாரும் எடுக்கவில்லை.

சேந்தனின் தொடையிலிருந்து மிளகளவு சதை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மிஸ் அதைக் கொண்டுபோய் வளர்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தியது ஒரு மார்கழி மாதக் காலையில். பனி கொட்டிக்கொண்டிருந்தது. குசினி அலுமாரியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து நின்றது. பக்கத்தில் நல்லெண்ணெய் உறையாமல் நின்றது. மிஸ் இரண்டு போத்தலையும் எடுத்துச் சரித்துக் காட்டினார்.

"ஆச்சி, ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு தோல் இருக்குது. மென்சவ்வு எண்டு சொல்லுவினம். அது கொழுப்பாலை ஆனது. சில கொழுப்பு இதைப்போலை இறுகும். சில கொழுப்பு அதைப்போலை இளகி நிக்கும். நான் சேந்தன்ரை கலத்துக்குள்ளை ஒரு மரபணுவைப் போடவேணும். சும்மா போட்டால் அது உள்ளுக்கை விடாது. அதாலை மரபணுவை ஒரு கொழுப்புத் துளிக்குள்ளை பொதிஞ்சு அனுப்புறன்."

"துளி உள்ளுக்கை போகுமோ?"

"போகும். கலம் அதை விழுங்கும். ஆனால் விழுங்கேக்கை தன்ரை தோலிலையே ஒரு துண்டை மடிச்சுப் பையாக்கி, அந்தப் பைக்குள்ளை போட்டுத்தான் எடுக்கும். பையை உடைச்சுக்கொண்டு வெளியாலை வந்தால்தான் மரபணு வேலை செய்யும். இல்லையெண்டால் பைக்குள்ளையே செரிச்சுப் போடும்."

கதிரையில் இருந்த சேந்தன் சிரித்தான். "அது அம்மம்மான்ரை குணம் மிஸ். வாற ஆக்களை உள்ளுக்கை கூப்பிட்டு இருத்திவைச்சுச் சாப்பாட்டாலையே முடிச்சுப் போடுவா. வெளியாலை விடமாட்டா."

"அப்ப உன்ரை கலம் எங்கை பழகினது எண்டு இப்ப விளங்குது" என்றார் மிஸ்.

ஏன் ஒன்று இறுகுகிறது, ஒன்று இளகுகிறது என்று நான் கேட்டேன். மிஸ் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி எடுத்தார். நேரான ஈர்க்குகளை ஒரு பிடியாகப் பிடித்தார். நெருங்கி நின்றன. பிறகு ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துவிட்டுப் பிடித்தார். எவ்வளவு நெருக்கினாலும் இடைவெளி நின்றது. கொழுப்பின் கால்களும் இப்படித்தான், நேரான கால்கள் நெருங்கி இறுகும், வளைந்த கால்கள் இறுகமாட்டா என்றார். சேந்தனின் கலத்தோலில் இறுகுகிற கொழுப்பு அதிகம் என்று தான் நினைப்பதாகவும் சொன்னார். "நினைக்கிறன், நிச்சயமில்லை" என்று அதையும் சேர்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு மிஸ் வருவதெல்லாம் பிழையாய்ப்போன கதை சொல்லத்தான். கேற்றடியில் ஸ்கூட்டரை நிற்பாட்டும்போதே சேந்தன் கேட்பான், "என்ன மிஸ், இந்த முறையும் விழுங்கிப்போட்டுதோ?" என்று. "விழுங்கிப்போட்டுதடா" என்பார். துளியைச் செய்கிற கொழுப்பை மாற்றினார். கலங்களுக்கு வேறு வேறு எண்ணெய் ஊட்டி அவற்றின் தோலையே இளக்கிப் பார்த்தார். ஒருமுறை கலங்களுக்குக் கொடுத்த எண்ணெய் கூடி எல்லாம் செத்துப்போயின. அதையும் வந்து சொன்னார். வராமல் விட்டிருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திருக்காது. "அவன்ரை சதை. அவனுக்குத் தெரியவேணும்" என்றார். தோற்றதைச் சொல்லுவதற்கென்று கோப்பாயில் இருக்கிற தன் வீட்டிலிருந்து புத்தூர்வரை வெயிலில் ஒரு பொம்பிளை வந்துபோவதைப் பார்த்துத் தங்கம் மச்சாள், "உவ உங்கை சாப்பாட்டுக்கு வாறாவோ?" என்று கேட்டார். சேந்தன் பதில் சொன்னான்: "ஓம் தங்கம் ஆச்சி, உங்களைப்போலைதான்."

ஒரு நாள் மிஸ் எங்கள் மூவரையும் கம்பஸுக்குக் கூப்பிட்டார். சேந்தனைக் கதிரையோடு ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். இருட்டு அறையில், பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார்கள். கரிய தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை வெளிச்சம். துளி பையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கலங்கள் மட்டும்தான் அப்படி ஒளிரும் என்றாள் சுகந்தி. கால் வளைந்த கொழுப்பால் துளியைச் செய்து, கலங்களின் தோலையும் முதலே இளக்கி வைத்தபின் வந்த வெளிச்சம் அது. மலர் கண்ணாடியை விட்டு எழும்பவில்லை. சந்நிதிக் கோயிலில் வைத்த நேர்த்தியை வருகிற வெள்ளிக்கிழமையே செய்துவிட வேண்டும் என்று சொன்னாள்.

"மலர், பொறுங்கோ. இது மருந்தில்லை. உள்ளுக்கை போச்சுதோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கு நான் போட்ட விளக்கு. இவன்ரை வருத்தத்துக்கு வேண்டிய மரபணு சரியான பெரிசு. அதைப் பொதியிற அளவுக்கு எங்களிட்டை இன்னும் துளி இல்லை."

சேந்தன் கேட்டான். "எனக்கு வருமோ மிஸ்?"

மிஸ் கதிரைக்கு முன்னால் குந்தியிருந்து அவன் முகத்துக்கு நேரே சொன்னார். "உனக்கு வராது சேந்தன். உனக்குப் பிறகு வாற ஆருக்கும் வரக்கூடும். அதுகும் என்னாலை சொல்லேலாது."

அவன், "அப்ப என்ரை பேரையாவது எங்கையும் எழுதுவியளோ?" என்றான்.

"பேர் எழுத ஏலாது. அது சட்டம். ஒரு நம்பர்தான்."

"பரவாயில்லை. கிரிக்கெற்காரருக்கும் முதுகிலை நம்பர்தானே."

வண்டியில் திரும்பி வரும்போது மலர் வாய்விட்டு அழுதாள். "கல்லு மனுசி" என்றாள். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன்பின் மிஸ் வந்தால் மலர் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். மிஸ் வருவதை நிற்பாட்டவில்லை. சேந்தனோடு கதைத்துவிட்டுப் போவார்.

சேந்தன் மாரியில் போனான். நெஞ்சுத் தசையும் இளைத்து, மூச்சு எடுக்க ஏலாமல் போனான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று வீடு நிறையச் சனம். தங்கம் மச்சாள் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சாம்பலைக் கரைச்சென்ன, அந்தியேட்டி செய்தென்ன. உவன்ரை சதை கம்பஸிலை உயிரோடை கிடக்குது. பாதியை இஞ்சை கட்டிவைச்சுக்கொண்டு மிச்சப் பாதியை அனுப்பினால் பொடியன் எங்கை போவான்?"

அந்தியேட்டி என்பது இறந்தவரின் உயிர் வழியில் தங்காமல் போய்ச் சேர வேண்டும் என்று முப்பத்தோராம் நாளில் நாங்கள் செய்கிற கிரியை. கீரிமலைக் கடலில் சாம்பலைக் கரைத்து முடிப்பது. அன்று இரவிலிருந்து மலர் சாப்பாட்டைத் தொடவில்லை. பிள்ளை வழியில் நிற்கிறான், கால் ஏலாத பிள்ளை, யார் தள்ளிக்கொண்டு போவது என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிள்ளையைக் கொடுத்த பிறகு மகளையும் கொடுக்க எனக்கு மனமில்லை. பஸ் ஏறிக் கம்பஸுக்குப் போனேன்.

"பிள்ளை, நான் சேந்தனைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றேன். வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தபின், "எவ்வளவு வேணும் ஆச்சி?" என்றார்.

"எல்லாம்."

"ஓம். அந்தியேட்டி அண்டைக்குக் கீரிமலைக்கு நானே கொண்டுவாறன்."

பக்கத்தில் நின்ற சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "மிஸ், இவ்வளவு காலமாய்ச் செய்த வேலை. இப்பத்தானே ஏதோ தெரியத் தொடங்கினது. பாதியையாவது…"

"உது ஆரின்ரை சதை?"

"தெரியும் மிஸ். ஆனால்…"

"ஆரின்ரை எண்டு கேட்டனான்."

சுகந்தி குனிந்துகொண்டு, "ஆச்சியவையின்ரை" என்றாள்.

அந்தியேட்டியன்று கீரிமலையில் காற்றுப் பலமாக இருந்தது. என் ஒன்றுவிட்ட தம்பி கிரியை செய்தான். மிஸ் வெள்ளைச் சீலையில் வந்தார். துவாயால் சுற்றிய சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று கையில். உள்ளே றோஸ் நிறத் தண்ணீர். தங்கம் மச்சாள் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, சர்பத்தோ?" என்றார். மிஸ், "இல்லை, சேந்தன்" என்றார். மச்சாள் தலையை இழுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். சாகாமலிருக்க மருந்து கலந்து உறைய வைத்திருந்தவை, தட்டில் வளர்ந்தவை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்திருப்பதாக மிஸ் என்னிடம் சொன்னார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

சாம்பல் கரைத்தாயிற்று. அடுத்து இது. தான்தான் செய்வேன் என்று மலர் போத்தலை வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். மிஸ்ஸும் கூடவே இறங்கினார். ஐயர் கரையில் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். மலர் துவாயை அவிழ்த்தாள். போத்தலைத் தொட்டவள் அப்படியே நின்றாள்.

"மிஸ், இது சுடுகுது."

"ஓம். உடம்புச் சூட்டிலை வைச்சுக் கொண்டந்தனான்."

"ஏன்?"

"சூடு இறங்கினால் செத்துப் போகும்."

மலர் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்ப இது இப்ப உயிரோடையோ?"

கரையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மலரின் மனமும் ஆறும். ஒருவரும் போய்ச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. மிஸ், "ஓம்" என்றார்.

ஒரு அலை வந்து போயிற்று. மலர் ஐயரைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, உயிரோடை இருக்கிறதைக் கரைக்கலாமோ?" என்று கேட்டாள். ஐயர் வயதானவர். யோசித்து, "செத்தவைக்குத்தானம்மா அந்தியேட்டி. உயிரோடை இருக்கிறதைக் கடலிலை விட என்னட்டை மந்திரமில்லை" என்றார்.

மலர் போத்தலைத் துவாயால் சுற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கரையேறினாள். கிரியை முடியும்வரை நிற்கவில்லை. நனைந்த சீலையோடு நாங்கள் வந்த வண்டியில் ஏறி, "மிஸ், கெதியா வாங்கோ, சூடு இறங்குது" என்றாள். கம்பஸ்வரைக்கும் இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். சேந்தன் கைக்குழந்தையாக இருந்தபோது மழையில் அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனதும் இப்படித்தான்.

பின்னர் ஒருநாள் மிஸ்ஸிடம் கேட்டேன், கொண்டுவருவதற்கு முன்பே அதைச் சாகவிட்டிருக்கலாமே, இந்தச் சங்கடம் வந்திருக்காதே என்று. "நான் முந்திச் சாக்காட்டிப்போட்டுக் கொண்டந்தால், முடிவை நான் எடுத்ததாய்ப் போயிடும் ஆச்சி. அது எனக்குரிய முடிவில்லை" என்றார்.

அன்று கொண்டுபோன கலங்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. மிஸ் அதை மலருக்கு அடுத்த நாளே சொன்னார். "மிச்சம்?" என்று கேட்டாள் மலர். "மிச்சம் தட்டிலை ஒட்டிக்கொண்டு நிக்குது" என்றார். அதற்குப் பிறகு கல்லு மனுசி என்ற சொல் எங்கள் வீட்டில் எழவில்லை. மாதத்தில் ஒருநாள் மலர் கம்பஸுக்குப் போய்க் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வருவாள். மிச்சம் நின்ற கலங்களைப் பெருக்கி உறைய வைத்து, மிஸ் தன் வேலையைத் தொடர்ந்தார். பச்சை வெளிச்சம் முன்னையைவிடக் கூடியது. ஆனால் கலங்கள் கிழடாகிக்கொண்டு வந்தன. எடுத்த சதையில் வளர்கிற கலங்கள் சில காலம்தான் பெருகும், பிறகு தாமாகவே நின்றுவிடும் என்று மிஸ் சொன்னார். பெரிய மரபணுவைப் பொதிகிற துளி அவர் கையில் கடைசிவரை வரவில்லை. வந்தது என்று யாராவது இந்த நினைவு மலரில் எழுதினால் அது சரியில்லை. அவரே ஒத்துக்கொள்ளமாட்டார்.

தன் வருத்தத்தையும் மிஸ் அப்படித்தான் சொன்னார். "ஆச்சி, எனக்குப் புற்றுநோய். பரவிப்போச்சு." அழவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. "உந்தத் துளியிலை ஒண்டை உனக்கு ஏத்தேலாதோ?" என்றேன். சிரித்தார். "ஏலாது ஆச்சி. அது இன்னும் தட்டிலைதான் நிக்குது."

கடைசியாக அவரைக் கோப்பாயில் அவருடைய வீட்டில் பார்த்தேன். கட்டிலில் பிள்ளை மாதிரிச் சுருண்டு கிடந்தார். மலர் காலைப் பிடித்துவிட்டாள். அப்போதும் சேந்தனைப் பற்றித்தான் கதைத்தார். உறைய வைத்த கலங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் குளிரில் வைக்கிற திரவ நைதரசன் கொழும்பிலிருந்து வரவேண்டும், நேரத்துக்கு வராவிட்டால் எல்லாம் போய்விடும், சுகந்தியும் மேற்படிப்புக்கு வெளிநாடு போகக்கூடும் என்றார்.

"அப்ப உனக்குப் பிறகு ஆர் உதுகளைப் பாக்கிறது, பிள்ளை?"

"தெரியேல்லை ஆச்சி."

வேறொருவர் என்றால் கடவுள் பார்ப்பார் என்றாவது சொல்லியிருப்பார்.

செத்தவீட்டுக்குப் போனபோது சுகந்தி எங்களை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கலங்களை என்ன செய்வது என்று கேட்டாள். வைத்திருக்க முயற்சி செய்வோம், ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். மலர்தான் பதில் சொன்னாள். "ஏலுமட்டும் வைச்சிருங்கோ. ஏலாத நாள் வந்தால் சாட்டுப்போக்குச் சொல்லாமல் என்னைக் கூப்பிடுங்கோ. நான் வந்து கையிலை வாங்குறன்."

அப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு முதலில் வருமோ, கலங்களுக்கு முதலில் வருமோ என்பதுதான் தெரியாது. நான் இருந்தால் மலரோடு நானும் போவேன். அவளை வாசலில் நிற்கவைத்துவிட்டு, உள்ளே போய் உயிர் இருக்கிறதா என்று நான் கேட்பேன். அவர்கள் எதைச் சொன்னாலும் அதை அப்படியே வெளியே கொண்டுவந்து என் மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். வானதி மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது இது ஒன்றுதான். வைத்திருப்பதற்குச் சுகமான பொருள் இல்லை. ஆனாலும் இதை நான் ஒருவருக்கும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.